இணையதளம் கட்டும்முன் போனில் வரும் கேள்விகளை எழுதி வையுங்கள்

விருதுநகர் வட்டாரத்தில் சிறு தொழில் செய்கிறவர்களுக்கு இணையதளம் அமைத்துக் கொடுப்பது என் வேலை. அதற்கு முன்னால் சிவகாசியில் டிடிபி ஆபரேட்டராக இருந்தேன். காலண்டர், கல்யாணப் பத்திரிகை, நோட்டு அட்டை எல்லாம் என் கம்ப்யூட்டரைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். அங்கே ஒரு வரிசை உண்டு. மேட்டர், அதாவது அச்சடிக்க வேண்டிய எழுத்து, கைக்கு வரும், பிழை திருத்தப் புரூப் பார்ப்போம், அப்புறம்தான் லேஅவுட். இணையதள வேலையில் இது தலைகீழாக நடக்கிறது. முதலில் டிசைன் பிடிக்க வேண்டும், பிறகு அட்வான்ஸ், எல்லாம் முடிகிற நேரத்தில் "அண்ணாச்சி, மேட்டர் எப்போ தருவீங்க?" என்று கேட்டு அலைவது. என் கண்ணில் படும் மோசமான தளங்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் கெட்டுப்போயிருக்கின்றன. கோடிங்கில் கெட்டவை குறைவு.

பொதுவாகச் சொன்னால் மனதில் நிற்காது. ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். உங்கள் தொழில் பள்ளிக்கூடமோ, கிளினிக்கோ, மரச்செக்கு எண்ணெய்க் கடையோ எதுவாக இருந்தாலும் இதே வழியில் யோசிக்கலாம்.

மெனுவை யார் எழுதுவது?

மண்டபத்து முதலாளி வரும்போதே ஒரு மாதிரியோடு வருவார். ஏதோ ஒரு ரிசார்ட்டின் தளம். முழுத் திரையில் வீடியோ ஓடும், படங்கள் நகர்ந்து நகர்ந்து மாறும். "இதே மாதிரி வேணும் தம்பி." நான் அதைப் பார்த்துவிட்டு, மண்டபத்தில் போன் எடுக்கிறவர் யார் என்று கேட்பேன். அநேகமாக அது மேனேஜராக இருக்கும். அவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, ஒரு வாரம் வருகிற ஒவ்வொரு போனிலும் முதலில் என்ன கேட்டார்கள் என்பதை மட்டும் எழுதச் சொல்வேன். திருத்த வேண்டாம், அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே வேண்டும்.

அந்த நோட்டில் வருவது இப்படி இருக்கும். ஆவணியில இந்தத் தேதி காலியா இருக்கா? வாடகை எவ்வளவு, கரண்டு பில் அதுல சேருமா? ஒரு பந்திக்கு எத்தனை பேர் உட்காரலாம்? ரூம் எத்தனை, அதுல ஏசி எத்தனை? சமையலுக்கு எங்க ஆளையே கூட்டிட்டு வரலாமா? பாத்திரம் தருவீங்களா? ஜெனரேட்டருக்கு டீசல் யார் கணக்கு? முந்தின நாள் எத்தனை மணிக்குச் சாவி கொடுப்பீங்க? பாட்டிக்கு மாடி ஏற முடியாது, சாப்பாட்டு ஹால் கீழேயா மேலேயா?

இதுதான் உங்கள் தளத்தின் வரைபடம். இதை வைத்துக்கொண்டு மெனு எழுதுங்கள்: வாடகை, பந்தி மற்றும் சமையல், அறைகள், வரும் வழி, தேதி கேட்க. இதைச் செய்யாமல் எல்லோரும் போடும் மெனு எது தெரியுமா? முகப்பு, எங்களைப் பற்றி, எங்கள் தொலைநோக்கு, சேவைகள், கேலரி, தொடர்புக்கு. மேலே உள்ள கேள்விகளில் ஒன்றுக்குக்கூட இந்தத் தலைப்புகளில் எதைத் தொட்டால் பதில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. தொலைநோக்கு என்ன என்று கேட்டு மண்டபத்துக்கு யாரும் போன் செய்ததில்லை.

எந்தக் கேள்வி அதிகம் வருகிறது என்று நோட்டில் எண்ணிப் பாருங்கள். அதிகம் வருவது முதல் பக்கத்தின் மேலேயே, விரலால் தள்ளாமல் தெரிய வேண்டும். எப்போதாவது வருவது கேள்வி-பதில் பக்கத்துக்குப் போகலாம்.

வாடகையைப் போடச் சொன்னால் முதலாளிகள் தயங்குவார்கள். பக்கத்து மண்டபத்துக்காரர் பார்த்துவிடுவாரே என்ற கவலை. அவருக்குத் தெரிய வேண்டுமென்றால் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்வார். விலை தெரியாமல் போகிற ஆள் வாடிக்கையாளர்தான். அவர் அடுத்த மண்டபத்தின் பக்கத்தைத் திறந்துவிடுவார். முகூர்த்த நாளுக்கு ஒரு வாடகை, சாதாரண நாளுக்கு ஒரு வாடகை என்றால் இரண்டையும் போடுங்கள். துல்லியமாகச் சொல்ல முடியாவிட்டால் எவ்வளவிலிருந்து தொடங்கும், அதில் என்ன சேரும், என்ன சேராது என்றாவது எழுதுங்கள். அந்த 'சேராது' பட்டியல்தான் பின்னால் வரும் சண்டைகளைத் தவிர்க்கிறது.

இன்னொரு பெரிய பிழை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத வசதியைக் கட்டுவது. எந்தத் தேதி காலி என்று காட்டும் ஆன்லைன் காலண்டரை எல்லா முதலாளியும் கேட்பார். ஆனால் மண்டபத்தின் உண்மையான கணக்கு மேனேஜரின் டைரியில் இருக்கிறது. டைரியில் எழுதிய கையோடு கம்ப்யூட்டரிலும் ஏற்றுகிற ஆள் இருந்தால் தாராளமாகக் கட்டுங்கள். இல்லையென்றால் காலி என்று தளம் காட்டும் தேதியில் வேறு ஒருவர் தாம்பூலம் மாற்றி அட்வான்ஸ் கொடுத்திருப்பார். அந்தப் பேச்சுவார்த்தையில் யாரும் உட்கார விரும்ப மாட்டார்கள். அப்படிப்பட்ட இடங்களில் 'தேதி கேட்க' என்று ஒரு வாட்ஸ்அப் பட்டன் போதும். தொட்டதும் 'இந்தத் தேதியில் மண்டபம் கிடைக்குமா' என்ற வாக்கியம் தயாராக வந்து நிற்கும்படி அமைத்துவிடலாம்.

மண்டபத் தளத்துக்கு வேலை தொடங்க நல்ல மாதம் ஆடி. கல்யாணம் இருக்காது, ஹால் காலியாக இருக்கும், படம் எடுக்கலாம், மேனேஜருக்கும் நேரம் இருக்கும். அதே சமயம் ஆவணிக்குத் தேதி கேட்டுப் போன் வந்துகொண்டே இருக்கும். நோட்டு நிறையும். உங்கள் தொழிலிலும் இப்படி ஒரு ஓய்வு மாதம் இருக்கும். சீசன் நடுவில் தளம் கட்ட ஆரம்பிக்காதீர்கள்.

மேட்டர்

டிசைனருக்குக் கொடுக்கும்போது எழுத்து முழுவதும் எழுதி முடிந்திருக்க வேண்டும். பொருளில்லாத நிரப்பு எழுத்தை வைத்து டிசைன் போட்டால் எல்லாப் பெட்டியும் ஒரே அளவில் அழகாக வரும். உண்மையான மேட்டர் வந்ததும் ஒரு பெட்டியில் இரண்டு வரி, பக்கத்துப் பெட்டியில் பதினைந்து வரி. அப்போது பெட்டிக்காக எழுத்தை வெட்டுவார்கள். வெட்டுப்படுவது எப்போதும் தேவையான தகவலாகத்தான் இருக்கும்.

'அனைத்து நவீன வசதிகளும் கொண்ட பிரம்மாண்டமான மண்டபம்' என்பது எந்த மண்டபத்துக்கும் பொருந்தும், ஆகையால் எதையும் சொல்லவில்லை. 'ஒரு பந்திக்கு 250 பேர். சாப்பாட்டு ஹால் தரைத்தளத்தில். 30 கார், 100 பைக் நிறுத்தலாம்' என்று எழுதினால் பெண் வீட்டார் கணக்குப் போட்டுவிடுவார்கள்.

படங்களும் மேட்டர்தான். மணமேடையை மட்டும் பூ அலங்காரத்தோடு பத்துக் கோணத்தில் எடுத்துப் போடுகிறார்கள். வருகிறவர் பார்க்க விரும்புவது சமையல்கட்டு, கை கழுவும் இடம், கழிவறை, மாப்பிள்ளை அறை, ரோட்டிலிருந்து மண்டபம் தெரிகிற வாசல். பகல் வெளிச்சத்தில், ஜன்னலைத் திறந்து வைத்து எடுங்கள். கூகுளில் தேடி எடுத்த படத்தைப் போடாதீர்கள். அது இன்னொருவரின் காப்புரிமை. அதைவிட, நேரில் வந்து பார்க்கிறவருக்கு அந்தப் படம் பொய் என்று தெரிந்த நிமிடமே வாடகைப் பேச்சு முறிந்துவிடும்.

அச்சுத் தொழிலிலிருந்து வந்த ஒரு கெட்ட பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். நோட்டீஸை அப்படியே ஜேபெக் படமாக்கித் தளத்தில் ஏற்றிவிடுவது. போனில் பார்க்கிறவர் இரண்டு விரலால் பெரிதாக்கி, இடமும் வலமும் தள்ளிப் படிக்க வேண்டும். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைப் படிக்காது. தேடுபொறியிலும் அந்த எழுத்து சரியாகச் சிக்காது. போன் நம்பர் படத்துக்குள் இருந்தால் தொட்டுக் கூப்பிடவும் முடியாது. எழுத்து என்றால் எழுத்தாகவே இருக்கட்டும்.

தமிழில் போடும்போது

இது எனக்கு மிகவும் நெருக்கமான இடம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டிடிபியில் நாங்கள் வானவில், பாமினி, ஸ்ரீலிபி போன்ற எழுத்துருக்களில் அடித்துப் பழகியவர்கள். அந்தப் பழைய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துகளுக்கான குறியீட்டு இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இருக்கிற கம்ப்யூட்டரில் தமிழாகத் தெரியும், இல்லாத இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஒரே குறியீட்டுக்கு எல்லோரும் வர வேண்டும் என்று 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டிலேயே முயன்றார்கள். டாம், டாப் என்ற குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் அதில் வந்தவை. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனிக் குறியீடு தரும் உலகப் பொது முறையான யூனிகோடை 2010-ல் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றுக்கொண்டது. இன்று இணையத்தில் யூனிகோடைத் தவிர வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் உங்கள் பழைய நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர், விலைப்பட்டியல் எல்லாம் பிரஸ்காரரிடம் பழைய எழுத்துருவில்தான் இருக்கும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியில் மாற்றிக்கொள்ளலாம். மாற்றியதும் அப்படியே ஏற்றிவிடுவதுதான் பிழை. ஒரு தடவை உட்கார்ந்து புரூப் பாருங்கள். பழைய எழுத்துருவில் அடித்தவர்கள் துணைக்காலுக்குப் (ா) பதிலாக 'ர' போட்டிருப்பார்கள். பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும். 'கௌரி' என்பதைக் ககரம், ஒற்றைக்கொம்பு, ளகரம் என்று மூன்றாக அடித்திருப்பார்கள். திரையில் 'கெளரி' என்று வருவது கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் கம்ப்யூட்டருக்கு அது வேறு சொல். உங்கள் மண்டபத்தின் பெயரே கௌரி மஹால் என்றால், சரியாக அடித்துத் தேடுகிறவருக்கு உங்கள் பக்கத்துக்குள் அந்தப் பெயர் அகப்படாது. மண்டபத்தின் பெயர், ஊர் பெயர், முதலாளி பெயர் இந்த மூன்றையும் மாற்றும் கருவியை நம்பாமல் கையால் புதிதாக அடித்துவிடுங்கள்.

எழுத்துருவுக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் எல்லாம் கூகுள் பான்ட்ஸில் இலவசம். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், சாதாரணம் ஒன்று, தடிமன் ஒன்று, இரண்டு போதும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியைத் தமிழுக்கும் வைத்தால் மேல் வரியின் 'கு', 'ழு' கீழே இறங்கி அடுத்த வரியின் 'கி', 'றி' கொக்கிகளை முட்டும். எழுத்தளவைப் போல 1.6 அல்லது 1.7 மடங்கு வரி உயரம் கொடுங்கள். போனில் எழுத்தளவு 17 பிக்ஸலுக்குக் குறைய வேண்டாம். தமிழை இட்டாலிக்கில் சாய்க்காதீர்கள். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களுக்குச் சாய்வு வடிவம் கிடையாது, உலாவி தானாக இழுத்துச் சாய்ப்பதைத்தான் பார்ப்பீர்கள்.

அடுத்தது பக்க முகவரி. தளம் கட்டப் பலரும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் தமிழில் தலைப்பு வைத்தால் அதையே முகவரியாகவும் ஆக்கிக்கொள்ளும். அப்படி வருகிற தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் முகவரியில் 9 எழுத்தாக விரிகிறது. 'மண்டபம்' என்ற சொல்லில் புள்ளிகளையும் சேர்த்து 7 குறியீடு. முகவரியில் அது 63 எழுத்து. வேர்ட்பிரஸ் இந்தப் பகுதியை 200 எழுத்தோடு நிறுத்திவிடும், அதாவது சுமார் 22 தமிழ்க் குறியீடு. நீளமான தலைப்பு பாதிச் சொல்லில் அறுந்து நிற்கும். வாட்ஸ்அப்பில் நகலெடுத்து ஒட்டினால் சதவீதக் குறிகளாக நாலு வரிக்கு ஓடும். பார்க்கிறவர் வைரஸ் லிங்க் என்று பயந்து தொட மாட்டார். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும், முகவரியை மட்டும் ரோமன் எழுத்தில் ஒன்றிரண்டு சொல்லாகக் கையால் அடித்துவிடுங்கள். பக்கத்தை வெளியிடும் முன் செய்ய வேண்டும். வெளியிட்ட பிறகு மாற்றினால் ஏற்கெனவே பகிர்ந்த லிங்க் உடையலாம்.

தமிழ், ஆங்கிலம் இரண்டும் வேண்டுமென்றால் இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம், தனித்தனி முகவரி. தானாக மொழிபெயர்க்கும் பட்டனை வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பக்கத்தின் மொழி தமிழ் என்று அதன் நிரலில் குறிப்பிடச் சொல்லுங்கள். அதைப் பார்த்துத்தான் திரைவாசிப்பான் தமிழ்க் குரலுக்கு மாறும்.

பெயரும் சாவியும்

டொமைன் பெயர், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். பெயரைப் போனில் ஒருவருக்குச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். ஒருமுறை சொன்னதும் சரியாக எழுதினால் வாங்குங்கள். நம் பெயர்களில் ழகரம் இருந்தாலே தொல்லை. ரோமன் எழுத்தில் ஒருவர் ஒரு விதமாக எழுதுவார், தகரத்தையும் அப்படியே. நடுவில் கோடு போட்ட பெயர் இன்னும் மோசம். விலை கட்டுப்படியானால் இரண்டு எழுத்துக்கூட்டலையும் வாங்கி ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பிவிடுங்கள். தமிழிலேயே 'டாட் இந்தியா' என்று முடியும் முகவரியும் கிடைக்கிறது. ஆசையாக இருந்தால் அதையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், முதன்மைப் பெயராக ரோமன் பெயரையே வையுங்கள். ஈமெயில் வரும்போது அதுதான் தடங்கலில்லாமல் நடக்கும்.

பெயரைவிட முக்கியம், அது யார் பெயரில் பதிவாகிறது என்பது. தளம் கட்டுகிறவரே தன் கணக்கில், தன் ஈமெயிலில் வாங்கிவிடுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஊர் மாறுவார், தொழில் மாறுவார், போன் நம்பர் மாறும். புதுப்பிக்கச் சொல்லி வரும் மெயில் அவருக்குப் போகும், அவர் பார்க்க மாட்டார். என்னிடம் வந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு இதுதான் நடந்தது. பல வருடமாக நோட்டுப் புத்தகத்திலும் பஸ்ஸிலும் அச்சடித்த முகவரி ஒருநாள் காலையில் யாருக்கோ சொந்தமாகிவிட்டது. தாளாளர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து "இதுக்கு எங்க போய்க் கேக்கணும்?" என்று கேட்டபோது என்னிடம் நல்ல பதில் இல்லை.

டாட்காம் பெயர்களில் காலாவதியானதும் உடனே போய்விடாது. பதிவு செய்த நிறுவனம் கொஞ்ச நாள் அவகாசம் தரும். அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதன் பிறகு 30 நாள் மீட்புக் காலம், அப்போது கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். பிறகு 5 நாள் யாரும் தொட முடியாமல் நிற்கும். அதற்கு அப்புறம் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். இத்தனை படி இருந்தும் பெயர் போகிறதென்றால், எச்சரிக்கை தவறான மெயிலுக்குப் போகிறது என்றுதான் அர்த்தம்.

ஆகவே பதிவுக் கணக்கை நீங்களே உங்கள் பெயரில் திறங்கள். டாட்காம் போன்ற பெயர்களை ஒரே தடவையில் 10 வருடம் வரை பதிவு செய்யலாம். குறைந்தது 3 வருடமாவது செய்யுங்கள். வாங்கியதும் ஈமெயிலைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு மெயில் வரும். 15 நாளுக்குள் அதைத் தொட்டு உறுதி செய்யாவிட்டால் பெயரை முடக்கிவிடுவார்கள். அந்தக் கணக்குக்கு அதே டொமைனில் உள்ள மெயிலைக் கொடுக்காதீர்கள். டொமைன் நின்றால் மெயிலும் நின்றுவிடும், பாஸ்வேர்டை மீட்கும் மெயில்கூட வந்து சேராது. தனி ஜிமெயில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோஸ்டிங் (தளம் தங்கும் சர்வர் இடம்), வேர்ட்பிரஸ் நிர்வாகி, கூகுள் பிசினஸ் ப்ரொபைல், சர்ச் கன்சோல் (தளம் கூகுள் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கருவி), பேமென்ட் கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை) எல்லாவற்றிலும் உரிமையாளர் நீங்கள். தளம் கட்டுகிறவர் நீங்கள் சேர்த்த பயனர். ஹோஸ்டிங் வாங்கும்போது முதல் வருட விலையைப் பார்த்து மயங்க வேண்டாம், அடுத்த வருடம் புதுப்பிக்கும் விலை என்ன என்று அதே பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

போனில் திறந்து பாருங்கள்

தளத்தை முதலாளிக்குக் காட்டுவது லேப்டாப்பில், ஆபீஸ் வைஃபையில். வாடிக்கையாளர் பார்ப்பது போனில், பஸ்ஸில் போகும்போது. கூகுளும் இப்போது தளத்தின் மொபைல் வடிவத்தை வைத்துத்தான் பட்டியலிடுகிறது. எனவே வைஃபையை அணைத்துவிட்டு, வீட்டில் இருக்கும் விலை குறைந்த போனில், மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை நொடிக்குள் தெரிந்தால் நல்லது என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு.

மெதுவாகத் திறக்கிறது என்றால் பெரும்பாலும் படங்கள்தான் காரணம். போன் கேமராவில் எடுத்த படம் ஒன்று 4, 5 எம்பி இருக்கும். பத்துப் படத்தை அப்படியே ஏற்றினால் 40 எம்பிக்கு மேல். அகலத்தை 1,600 பிக்ஸலுக்குள் குறைத்து வெப்பி (WebP) வடிவில் சேமித்தால் ஒரு படம் 200 கேபிக்குள் அடங்கும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. முகப்பில் நகரும் படங்களை எடுத்துவிட்டு நல்ல படம் ஒன்றே ஒன்று வையுங்கள். நாதஸ்வரம் தானாக ஒலிக்க வைப்பதும் வேண்டாம். ஆபீஸில் உட்கார்ந்து மகள் கல்யாணத்துக்கு மண்டபம் தேடுகிற அப்பா பதறிப்போய் மூடிவிடுவார்.

மண்டபத் தளங்களில் நிறம் ஒரு தனிப் பிரச்சினை. மங்களகரமாக இருக்கட்டும் என்று சந்தன நிறப் பின்னணியில் தங்க நிற எழுத்து போடுவார்கள். வெயிலில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது உலக அளவில் ஏற்ற தரம். இதை அளக்க இலவசக் கருவிகள் இணையத்தில் உண்டு. அடர் சிவப்பை எழுத்துக்கும் தங்க நிறத்தை ஓரக் கோட்டுக்கும் வைத்தால் மங்களமும் கெடாது, எழுத்தும் தெரியும்.

இன்னொன்று, பணம் கட்டி வாங்க வேண்டிய 'தீம்' (தளத்துக்கான தயார் வடிவமைப்பு) ஒன்றை யாரோ உடைத்து இலவசமாகத் தருவதை எடுத்துப் போடாதீர்கள். அதற்குள் திருட்டு நிரல் இருக்கும். சில மாதம் கழித்து உங்கள் மண்டபத்தின் பெயரைத் தேடினால் ஜப்பானிய எழுத்தில் செருப்பு விளம்பரமும் சூதாட்ட லிங்கும் வரும். வேர்ட்பிரஸின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் உள்ள இலவசத் தீமே இந்த வேலைக்குத் தாராளம்.

தொடர்பு கொள்ளும் வழி

போன் நம்பர் ஒவ்வொரு பக்கத்திலும், தொட்டால் அழைக்கும்படி. வாட்ஸ்அப் லிங்கில் நம்பருக்கு முன்னால் 91 வேண்டும். கூட்டல் குறியோ பூஜ்யமோ சேர்ந்தால் வேலை செய்யாது. படிவம் வைத்தால் பெயர், போன், தேதி மூன்று மட்டும் கேளுங்கள், இந்த விவரங்களை எதற்காக வாங்குகிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இதை விட்டுவிடக் கூடாது. படிவத்திலிருந்து வரும் மெயில் ஸ்பேமுக்குப் போகிறதா என்று பாருங்கள். ஹோஸ்டிங் சர்வரிலிருந்து நேராக அனுப்பும் மெயிலை ஜிமெயில் சந்தேகத்தோடுதான் பார்க்கும், 2024 பிப்ரவரிக்குப் பிறகு இன்னும் கடுமை. மெயில் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளைப் போட்டு, மெயில் கணக்கில் நுழைந்து அனுப்பும் எஸ்எம்டிபி வழியாக அனுப்பச் சொல்லுங்கள். மண்டபத்துக்கு என்றால் நான் படிவமே வைக்க மாட்டேன்.

எண்ணெய்க் கடை போல ஆன்லைனில் விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பணம் திருப்பித் தரும் விதி, அனுப்பும் விதி, தனியுரிமை, நிபந்தனைகள், முகவரி ஆகிய பக்கங்கள் இல்லாமல் பேமென்ட் கேட்வே அனுமதி கிடைக்காது. கடைசி நாளில் வேறு கடையிலிருந்து நகலெடுத்துப் போட்டு, அந்தக் கடையின் பெயர் உள்ளே அப்படியே நிற்பதைப் பார்த்திருக்கிறேன். உடைந்த பாட்டில் வந்தால் என்ன செய்வீர்கள் என்பதை உங்கள் வார்த்தையில் முதலிலேயே எழுதிவிடுங்கள். 2020-ன் மின்வணிக விதிகளின்படி கடையின் பெயர், முகவரி, புகார் கேட்கும் அலுவலரின் பெயர் ஆகியவை தளத்தில் தெரிய வேண்டும். உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் உரிம எண்ணும்.

திறக்கும் நாள்

நல்ல நேரம் பார்த்துத் திறப்பது நல்ல வழக்கம், நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் சோதனை எல்லாம் முந்தின நாளே முடிந்திருக்க வேண்டும்.

பழைய தளம் இருந்தால் அதன் எல்லாப் பக்க முகவரிகளையும் ஒரு தாளில் எடுங்கள். ஒவ்வொன்றும் புதிய தளத்தில் எந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்று எதிரே எழுதி, நிரந்தரத் திருப்பம் போடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிட்டால் வாடகைப் பக்கத்தைத் தேடி வந்தவர் வாசலில் நிற்பார்.

ஹோஸ்டிங் மாற்றும்போது, டொமைன் பெயர் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் நேம்சர்வரை மாற்றுவார்கள். அங்கேதான், மெயில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவும் இருக்கிறது. அதைப் புதிய இடத்தில் முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் தளம் அழகாகத் திறக்கும், மெயில் சத்தமில்லாமல் நின்றுபோகும். இரண்டு நாள் கழித்துத்தான் யாராவது சொல்வார்கள்.

தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே தகவலைப் பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ் வேலை செய்கிறதா பாருங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பின் வழியாக அதற்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது; அதன் ஆயுள் குறைவு, தானாகப் புதுப்பிக்கும்படி அமைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். 2018 ஜூலையிலிருந்து குரோம் உலாவி, இது இல்லாத தளத்தைப் 'பாதுகாப்பற்றது' என்று முகவரிப் பட்டையிலேயே காட்டுகிறது.

வேர்ட்பிரஸ் அமைப்புகளில் 'ரீடிங்' பகுதியில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது. கட்டும்போது டிக் செய்து வைப்பார்கள், திறக்கும்போது எடுக்க மறந்துவிடுவார்கள். தளம் திறந்து மாதக்கணக்காகியும் கூகுளில் வரவில்லை என்று யார் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது இந்தப் பெட்டியைத்தான். டிக்கை எடுத்துவிட்டு, சர்ச் கன்சோலில் தள வரைபடத்தை (எல்லாப் பக்கங்களின் முகவரிப் பட்டியல்) கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக லிங்கைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுப் பாருங்கள். கூடவே மண்டபத்தின் படமும் பெயரும் வர வேண்டும். வெறும் லிங்காக வந்தால் பகிர்வுப் படத்தை 1,200-க்கு 630 பிக்ஸல் அளவில் சேர்க்கச் சொல்லுங்கள். நம் ஊரில் தளங்கள் பரவுவது அதிகமும் வாட்ஸ்அப்பில்தான், ஆகையால் இதைச் சின்ன வேலை என்று தள்ளாதீர்கள்.

திறந்த பிறகு

ஒப்பந்தத் தாளில் இவை எழுதியிருக்க வேண்டும்: டொமைனுக்கு வருடம் எவ்வளவு, ஹோஸ்டிங்குக்கு எவ்வளவு, வேர்ட்பிரஸையும் பிளக்இன்களையும் (அதில் சேர்த்த கூடுதல் வசதிகள்) புதுப்பிப்பது யார், மாதம் எத்தனை திருத்தம் வரை இலவசம். வாடகை மாறினால் தளத்தில் மாற்றுகிற ஆள் யார் என்று ஒரே ஒரு பெயர். வாடகைப் பக்கத்தில் 'தை முதல் இந்த வாடகை' என்று மாதமும் வருடமும் போட்டுவிட்டால், பழைய விலையைக் காட்டி யாரும் வாதாட மாட்டார்கள்.

பேக்கப் தானாக வாரம் ஒருமுறை எடுக்கட்டும். அதே சர்வரில் வைக்காமல் உங்கள் கூகுள் டிரைவுக்கு வரும்படி அமையுங்கள். பணம் முழுவதையும் கொடுத்து முடிக்கும் முன், தளம் கட்டியவரை அருகில் உட்கார வைத்து, அந்த பேக்கப்பிலிருந்து தளத்தை ஒரு சோதனை முகவரியில் மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். வாடகைப் பக்கமும் படங்களும் அதில் சரியாகத் திறந்தால் மீதிப் பணத்தைக் கொடுத்துவிடலாம்.